இருபத்து மூன்றாம் பனை

31-8-1954, செவ்வாய்க்கிழமை, பகல்.

இன்று செய்த தவறு: இருபத்து மூன்றாம் பனை என்று உறுதியாகச் சொன்னேன். இடுப்பளவு தோண்டியும் அங்கே ஒன்றுமில்லை. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரி, இடம்தான் தவறு. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று விளங்கவில்லை. கலியன் இன்னும் வந்து சேரவில்லை என்று நம்புகிறேன்.

அமானுல்லா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நாட்குறிப்பை மூடினான். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. மண்வெட்டி பிடித்துப் பழகாத கை.

"இன்னா பாய், எய்தி முடிச்சியா? உன் தப்பையெல்லாம் எய்த அந்த நோட்டு பத்தாது. சொல்லு, ஸ்டேஷன்ல சொல்லி ஒரு வேகன் காயிதம் எறக்கறேன்" என்றான் ஜோசப்.

ஜோசப் ஜட்காக்காரன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் சவாரி கிடைக்காத நேரமெல்லாம் அவனுக்கு அமானுல்லாவோடுதான் வேலை. அமானுல்லா பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பையன். பகலில் அரிசி மில்லில் எடை போடுவான், மாலையில் பரீட்சை வகுப்புக்குப் போவான். காணாமல் போன ஒரு சைக்கிளையும் ஒரு மாப்பிள்ளையையும் கண்டுபிடித்துக் கொடுத்ததில் ஊரார் அவனுக்குத் 'துப்பு பாய்' என்று பேர் வைத்துவிட்டார்கள். இது மூன்றாவது வழக்கு. சைக்கிள் கிடைக்காவிட்டால் நடந்து போகலாம். இதில் தோற்றால் ஓர் உயிர் போகும்.

ஜட்காவைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, கால்வாய்க் கரையில் தரை சுத்தமாக இருந்த ஒரு பனையின் அடியில் ஜோசப் தன் சாக்கை விரித்திருந்தான். இருவரும் அதில் உட்கார்ந்துதான் காலை வாங்கிய இட்லியைப் பகலில் தின்று முடித்தார்கள். இரண்டு மரம் தள்ளி, அவர்கள் வெட்டிய வீண் குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

விஷயம் இதுதான். மதுவிலக்கு வந்த பிறகு குப்புராஜ் என்பவன் திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சி விற்றுவந்தான். விற்கிற விதம் தனி. சரக்கைப் பானையில் ஊற்றி வாயைக் கட்டி, கால்வாய்க் கரைப் பனை வரிசையில் ஏதாவது ஒரு மரத்தடியில் புதைத்துவிடுவான். கள் இறக்கிய காலத்தில் வரி கட்டின மரங்களுக்கெல்லாம் அடியைச் செதுக்கித் தாரால் எண் போட்டிருந்தார்கள். கள்ளுக்கடை போயிற்று, எண் போகவில்லை. வாங்குகிறவன் காதில் குப்புராஜ் ஓர் எண்ணைச் சொல்வான். அவன் பொழுது சாய்கிற நேரத்தில் போய்த் தோண்டி எடுத்துக்கொள்ள வேண்டும். விற்றவனையும் வாங்கியவனையும் ஒன்றாக யாரும் பார்க்க முடியாது.

சென்ற வாரம் சரக்கு போதாமல், மரச் சாமான் மெருகுக்குப் பூசுகிற வார்னிஷ் ஸ்பிரிட்டைக் கலந்துவிட்டான். அந்தப் பானையைக் குடித்த பச்சையப்பனுக்கு இரண்டு கண்ணும் போயிற்று. கூடக் குடித்தவன் செத்தான். ருசி பார்த்த குப்புராஜே பேச்சு மூச்சில்லாமல் பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்த விஷச் சரக்கு இன்னும் எத்தனை பானையில் இருக்கிறதென்று சொல்ல ஆளில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். பச்சையப்பனுக்கு அடுத்த பானை கலியனுடையது.

கலியன் சவுக்குக் கட்டை ஏற்றும் படகில் வேலை செய்பவன். வடக்கே போயிருந்தான், நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. அவன் மனைவி பூவம்மாள் காலையில் மில் வாசலுக்கு ஓடி வந்தாள். தலையைக்கூட முடிந்திருக்கவில்லை.

"'பச்சையப்பனுக்கு அடுத்த பானை என்னுதுதான், செவ்வாய்க்கெழமை திரும்பறப்போ கரையில எறங்கி எடுத்துகினு வந்துடுவேன்'னு சொல்லிட்டுப் போனாரு பாய். எந்த மரம்னு சொல்லல. சொன்னா நான் போய் ஒடச்சிடுவேன்னு பயம். கண்ணு இல்லாம வந்தாக்கூட வெச்சிக் கஞ்சி ஊத்துவேன். வராமலே பூட்டார்னா நான் இன்னா பண்ணுவேன்?"

அமானுல்லா கையிலிருந்த எடைக்கல்லைக் கீழே வைத்தான். "பாத்துக்கிறேன் அக்கா" என்று மட்டும் சொன்னான். சொன்ன கணத்திலேயே, இதைச் சொல்ல நமக்கு என்ன தகுதி என்று நெஞ்சு கேட்டது.

கரை நெடுகக் கூவிக்கொண்டு போகலாமே என்று முதலில் நினைத்தான். ஜோசப் சிரித்தான். "பானை எடுக்க வர்றவன் காக்கா கத்துனாலே கான்ஸ்டபிள்னு தாழம்புதர்ல பூந்துக்குவான். நீ கூப்ட்டா வந்து சலாம் வெப்பானா?" படகு எந்த இடத்தில் ஒதுங்கும் என்பதும் யாருக்கும் தெரியாது. ஆகவே மரத்தைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்குத் துப்பும் இருந்தது. பச்சையப்பன் கதி தெரிந்ததும் அதற்கு முன்னால் வாங்கிக் குடித்தவர்கள் பயந்துபோய்த் தாங்களே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். முதல் பானை மூன்றாம் மரம். அடுத்தது ஐந்து. பிறகு ஒன்பது. பச்சையப்பனுடையது பதினைந்து.

மூன்று, ஐந்து, ஒன்பது, பதினைந்து. மாலை வகுப்பில் வாத்தியார் தினமும் இப்படித்தான் நாலு எண்ணைக் கரும்பலகையில் எழுதி, அடுத்தது என்ன என்று கேட்பார். மற்ற எந்தப் பாடத்திலும் திணறுகிற அமானுல்லா அதில் மட்டும் தவற மாட்டான். இடையில் இரண்டு, நான்கு, ஆறு. அடுத்த இடைவெளி எட்டு. பதினைந்தும் எட்டும் இருபத்து மூன்று. அத்தனை அழகாக வந்த விடை பொய்யாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"எழுந்திரு ஜோசப்பு. முதல்லேர்ந்து பார்க்கணும்."

"எத்த?"

"பானை கெடச்ச மரத்தையெல்லாம். நான் நம்பரைத்தான் பார்த்தேன். மரத்தைப் பார்க்கல."

"மரத்துல பாக்க இன்னா கீது? நட்டமா நிக்குது. உன்னாட்டம் யோசிச்சிகினு நிக்கல, அவ்ளோதான்."

சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஜோசப் பின்னால் வந்தான். அவன் இடுப்பில் ஒரு துண்டு மூட்டை. காலையில் இருபத்து மூன்றாம் மரத்தடியில் விழுந்து கிடந்த பனம்பழத்தின் மேல் கால் வைத்து, மண்வெட்டியோடு மல்லாந்து விழுந்தான். அந்தக் கோபத்தில் இரண்டு பழத்தை மூட்டை கட்டிக்கொண்டான், வீட்டில் சுட்டுத் தின்று பழி தீர்க்க.

பதினைந்தாம் மரத்தடியில் பச்சையப்பன் தோண்டிய குழி மழையில் பாதி தூர்ந்திருந்தது. ஜோசப் தரையைச் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"ஒரு பழம் இல்ல. மலட்டு மரம். பச்சையப்பன் ராசியப் பாத்தியா, மரமே கையை விரிச்சிகினு நிக்குது."

அமானுல்லா காதில் வாங்கவில்லை. குழியிலிருந்து கால்வாய் எத்தனை தூரம், மரம் சாய்ந்திருக்கிறதா, தாழம்புதர் எந்தப் பக்கம் என்று வெகு நேரம் அளந்து பார்த்துக்கொண்டிருந்தான். எதிலும் ஒரு விதி தெரியவில்லை. மேலே நடந்தார்கள். பதினான்கு, பதின்மூன்று இரண்டின் அடியிலும் ஜோசப் குனிந்து குனிந்து பழம் பொறுக்கினான். மூட்டை பெருத்தது. பன்னிரண்டை மட்டும் திரும்பிப் பார்க்காமல் கடந்தான்.

ஒன்பதாம் மரம் வந்தது. அங்கேயும் பழைய குழி. ஜோசப் காலால் புல்லைத் தள்ளிப் பார்த்தான்.

"இங்கயும் இல்ல. குப்புராஜு கால் வெச்ச எடமெல்லாம் வெளங்காது போல."

அமானுல்லா நின்றான். அண்ணாந்தான். உச்சியில் குலை எதுவும் இல்லை. காய்ந்த கதிர்கள் மட்டும் எலிவால் மாதிரி தொங்கின. கீழேயும் அதே வால்கள் உதிர்ந்து கிடந்தன.

"ஜோசப்பு, இது என்ன மரம்?"

"ஆம்பள மரம். பொம்பள மரந்தான் பழுக்கும். பாயி ஊட்டுல இதக்கூடச் சொல்லித் தரலியா?"

"ஆவணி மாசத்துல பழுக்கிற மரத்தடிக்கு யாரெல்லாம் வருவாங்க?"

"யாரு வர மாட்டாங்க? விடியறதுக்கு முன்னாடியே கூடைய எடுத்துகினு பொம்பளைங்க அத்தினி பேரும் வந்துடுவாங்க. என் பொண்டாட்டி மேரி மொத ஆளு."

"ஆண் மரத்தடிக்கு?"

ஜோசப் மூட்டையை இடுப்பில் இறுக்கிக் கட்டினான்.

"யாரும் வர மாட்டாங்க" என்று அமானுல்லாவே சொன்னான். "பானையைப் பொதைக்கிறவன் கூட்டலும் கழித்தலும் போட்டுக்கினு இருக்க மாட்டான். யாரும் வராத மரமாப் பார்ப்பான். ஆண் மரம், அதுக்கு அடுத்த ஆண் மரம், அதுக்கும் அடுத்த ஆண் மரம். இருபத்து மூணு பழுக்கிற மரம் ஜோசப்பு! நீ அதுல வழுக்கி விழுந்தப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

"அப்போ நான் உழுந்ததுதான் துப்பா? சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு மரத்துல உழுந்திருப்பேனே!"

ஓடினார்கள். பதினைந்துக்கு அப்பால் முதல் ஆண் மரம் எதுவோ, அதுதான். ஆனால் அமானுல்லாவின் புத்தி அவனை விடவில்லை. ஒரு முறை ஏமாந்த விதியை மறு முறை சரிபார்க்காமல் நம்ப அவனால் முடியாது. வழியில் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தான். பத்து, பழுக்கிற மரம். பதினொன்று, பழுக்கிற மரம். பன்னிரண்டில் கால் நின்றுவிட்டது.

உச்சியில் எலிவால்கள்.

"இது ஆண் மரம்" என்றான். குரல் இறங்கிவிட்டது. "ஒன்பதுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல ஒரு ஆண் மரம். விதி இதுதான்னா இங்க ஒரு பானை இருந்திருக்கணும். யாரும் பன்னிரண்டுன்னு சொல்லலியே. இதுவும் தப்பு ஜோசப்பு. இதுவும் தப்பு."

தூரத்தில் மில் சங்கு ஊதிற்று. வேலை விடுகிற நேரம். கால்வாய்த் தண்ணீரில் வெயில் மஞ்சளாகப் படுத்திருந்தது. இன்னும் சற்று நேரத்தில் பொழுது சாய்ந்துவிடும். அமானுல்லா மரத்தில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான். வரிசையில் எத்தனையோ மரங்கள். கையில் ஒரு மண்வெட்டி. எந்த நாலு எண்ணுக்கும் பத்து விதி பொருந்தும் என்று வாத்தியார் ஏன் சொல்லித் தரவில்லை? பூவம்மாள் வீட்டு வாசலில் போய் நின்று, கணக்கு சரியாகத்தான் இருந்தது அக்கா என்று சொல்வதா?

ஜோசப் கேலி பேசவில்லை. அமானுல்லா நிமிர்ந்து பார்த்தான். ஜோசப் கேலி பேசாமல் இருந்து அவன் பார்த்ததே இல்லை.

"பாய்" என்றான் ஜோசப், மரத்தைப் பார்த்தபடி. "பன்னெண்டு என்னுது."

"என்ன?"

"ரெண்டு வாரம் ஆவுது. நல்ல சரக்கு, ஒண்ணும் ஆவல. மாதா கோயில்ல மேரி கையைப் புடிச்சி, இனிமே தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்த மறுநாளு."

"காலையில நாலு நம்பரையும் உன் முன்னாலதானே எழுதினேன்? அப்போ சொல்லியிருந்தா…"

"நீ படிச்சவன். நாலு நம்பர்லயே டக்குனு கண்டுபுடிச்சிட்ட. அஞ்சாவது எதுக்கு, மேரி காதுக்குப் போறதுக்கான்னு நெனச்சேன். உன் கணக்கு சரியாப் பூடும்னு நம்பிட்டேன் நைனா. நாக்கப் புடுங்கிக்கலாம் போல கீது."

மூன்று, ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து. அந்த ஓர் எண் நடுவில் இருந்திருந்தால் இரண்டு, நான்கு, ஆறு என்கிற அழகு பிறந்தே இருக்காது. அரை நாள் வீணாகியிருக்காது. அமானுல்லாவுக்குக் கோபம் வந்த அதே மூச்சில் வெட்கமும் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை மட்டும்தான் அவன் கேட்டான். பக்கத்தில் நிற்கிறவனைக் கேட்கவே இல்லை.

"எழுந்திரு பாய். அப்பால உதைச்சிக்கோ. இப்போ ஓடு!"

பதினாறில் பழம். பதினேழில் பழம். பதினெட்டு வெறும் அடிக்கட்டை. யாரோ உத்தரத்துக்கு வெட்டிப் போயிருந்தார்கள். பத்தொன்பது, இருபது இரண்டிலும் பழம். கரை வளைவைத் தாண்டி இருபத்தொன்றாம் மரத்தை நெருங்கும்போதே இருவருக்கும் கால் தயங்கிற்று. தரை துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்த மரம். பகலில் சாக்கை விரித்து, இட்லி தின்று, அமானுல்லா தன் தவற்றை எழுதிய இடம்.

"அடப்பாவி" என்றான் ஜோசப். "பானை மேலயே குந்திகினு நாஷ்டா துன்னுருக்கோம்."

சாக்கு விரித்திருந்த இடத்தில் இப்போது ஒரு குழி. மண் ஈரம் காயவில்லை. குழிக்குள் ஒன்றும் இல்லை. பானையின் வாயைக் கட்டியிருந்த துணி பக்கத்தில் கிடந்தது. காலடிகள் நேராகத் தண்ணீருக்கு இறங்கின.

கால்வாயின் நடுவில் சவுக்குக் கட்டை ஏற்றிய படகு தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. இருவர் கழி ஊன்றினார்கள். கட்டைக் குவியலின் மேல் ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் பானை. கையில் கொட்டாங்கச்சி.

"கலியண்ணே!" அமானுல்லா கரையோரமாக ஓடினான். "அதைக் குடிக்காதே! விஷம்! விஷம்!"

படகில் சிரிப்பு எழுந்தது. "பாருடா, பங்கு கேக்க ஆள் வந்துட்டான்!" என்று கலியன் கத்தினான். "வெஷம்னா உனக்கு எதுக்குடா?"

"பச்சையப்பனுக்குக் கண்ணு போயிடுச்சு! பூவம்மாக்கா அனுப்பித்தான் வந்தோம்!"

"அவ அனுப்புனாளா? இம்மாந்தூரம் ஆளு வெச்சித் தொரத்துறாளா? அப்போ கண்டிப்பாக் குடிக்கணும்டா!"

இன்னும் பெரிய சிரிப்பு. கொட்டாங்கச்சி பானைக்குள் இறங்கியது. அமானுல்லாவுக்கு நீந்தத் தெரியும். ஆனால் அவன் போய்ச் சேர்வதற்குள் அது வாய்க்குப் போய்விடும். உண்மையை இதைவிட உரக்கச் சொல்ல அவனிடம் குரல் இல்லை. இவர்களிடம் உண்மை எடுபடாது. பின் எது எடுபடும்? பானை எடுக்கிறவன் எதைக் கேட்டால் என்ன செய்வான்?

காக்கா கத்தினாலே கான்ஸ்டபிள்.

"ஜோசப்பு! விசில் அடி! போலீஸ் விசில்!"

ஜோசப்புக்கு இரண்டாவது முறை சொல்லத் தேவையில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஊதினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜட்கா ஸ்டாண்டில் தன்னைப் பல வருஷம் விரட்டியவர்களின் குரலையெல்லாம் ஒரே குரலாக எடுத்துவிட்டான்.

"ஏய் படகு! நிறுத்துடா! ஒருத்தன் அசையக் கூடாது! டூ நாட் த்ரீ, நீ அக்கரைக்குப் போ! ரைட்டர், எல்லார் பேரையும் எழுதிக்கோ! அந்தப் பானை என் கண்ணு முன்னால இருக்கணும்!"

பானை அவன் கண் முன்னால் ஒரு கணம்தான் இருந்தது. கலியன் அதை இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீரில் எறிந்தான். கொட்டாங்கச்சி அதன் பின்னால் பறந்தது. வாயகன்ற பானை குடகுடவென்று தண்ணீர் குடித்து முழுகிப்போயிற்று.

படகு கரைக்கு ஒதுங்கியபோது கலியன் கைகூப்பிக்கொண்டே இறங்கினான். "பானையா? இன்னா பானை சாமி? நாங்க கட்டை ஏத்தறவங்க." பேசிக்கொண்டே ஜோசப்பை அடையாளம் கண்டுகொண்டான். முகம் சிவந்தது. கையை ஓங்கினான்.

"அடி அண்ணே, அடி" என்றான் ஜோசப். "என்னியப் பாத்து அடிக்க உனக்குக் கண்ணு தெரியுதே, அது போதும்."

அமானுல்லா நடுவில் புகுந்தான். "வாயில வெச்சியா? ஒரு சொட்டு? யாராவது?"

அவன் முகத்தைப் பார்த்துக் கலியனின் கை தானாக இறங்கியது. "இல்ல பாய். மொதக் கொட்டாங்கச்சி கங்கம்மாளுக்குத் தண்ணியில ஊத்தினேன். ரெண்டாவதுதான் எனக்கு."

பச்சையப்பன் கதையைச் சொல்லச் சொல்ல, கழி ஊன்றிய இருவரும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கலியன் மட்டும் நின்றபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பூவம்மா எங்க?" என்றான் கடைசியில்.

"காலையிலேர்ந்து வாசல்லயே குந்திகினு கீது" என்றான் ஜோசப். "ரோட்டாண்ட வண்டி நிக்குது, வந்து ஏறு. சவாரிக் காசு வாணாம்."

கலியன் வண்டியில் ஒரு காலை வைத்தவன் திரும்பினான். "பாய், எனக்கு இருபத்தொண்ணுன்னு சொல்றப்போ, அதுக்கு அப்பாலயும் வெச்சிருக்கேன்னுதான் குப்புராஜு சொன்னான். ஆரம்பாக்கத்து ஆளுங்க கேட்டாங்களாம். எந்த மரம்னு தெரியாது. எத்தினி பானைன்னும் தெரியாது."

அமானுல்லா வரிசையின் வடக்குக் கோடியைப் பார்த்தான். இருட்டில் எந்த மரம் எது என்று தெரியவில்லை. பொறுக்குபவர்கள் விடிகாலையில் வருவார்கள், தோண்டுபவர்கள் பொழுது சாயும்போது வருவார்கள்; நடுவில் ஒரு பகல் கிடைக்கும். ஜட்காவின் லாந்தர் வெளிச்சத்தில் பென்சிலை எடுத்தான்.

போலீஸ் என்று பொய் சொல்லச் சொன்னேன். இதைத் தவறுகளில் சேர்ப்பதா என்று பிறகு யோசிக்க வேண்டும்.

நாளை: விடிந்ததும் இருபத்திரண்டாம் மரத்திலிருந்து வடக்கே ஒவ்வொன்றாகப் போக வேண்டும். எண்ணைப் பார்க்க வேண்டாம். ஜோசப் முன்னால் போய்ப் பழம் பொறுக்குவான். கீழே பழமும் உச்சியில் குலையும் இல்லாத மரத்தடியில் நான் தோண்டுவேன்.